சுருள மறுத்த பாயும் ஒரு தேயிலை பிட்டரும்

தேயிலை பெக்டரியில் மெஷின் ரிப்பேர் பார்க்கும் பிட்டராக இருந்தவனுக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும்; எதைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாலும் 'இது எனக்குத் தெரியாது' என்ற சொல் வாயில் வராது. ரோலரும் டிரையரும் பழகிய கைக்குத் தையல் மெஷின் வரும், கோயில் மணி வரும், டீமேக்கர் வீட்டு கிரைண்டர் வரும். கழற்றுவோம், பார்ப்போம், தலையை ஆட்டுவோம். வயரிங் வேலை, பம்பு வேலை பார்க்கிற சகோதரர்களுக்கும் இந்த வியாதி உண்டு என்பதை அறிவேன். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வந்தது ஒரு பாய்ப்படகு.

மலை ஏறி வந்த படகு

பெக்டரி மூடிய பிறகு, மேலே இருந்த துரை பங்களாவையும் அதைச் சேர்ந்த குவார்ட்டஸ் வீடுகளையும் கொழும்பு முதலாளி மாத்தையா ஒருவர் குத்தகைக்கு எடுத்து, வெளிநாட்டார் தங்கும் விடுதியாக்கினார். பங்களாவுக்குக் கீழே பள்ளத்தாக்கை நிரப்பிக்கொண்டு நீர்த்தேக்கம் கிடக்கிறது. அதில் விடுவதற்காகத் திருகோணமலையிலிருந்து ஒரு பழைய பாய்ப்படகை லொறியில் ஏற்றி, இரத்தினபுரி வழியாக வளைவு வளைவாகக் கொண்டுவந்து சேர்த்தார். வழியில் மின்கம்பி தட்டாமல் இருக்க பாய்மரத்தை, அதாவது மாஸ்டை, கழற்றிப் படுக்கவைத்துக் கட்டி வந்திருந்தார்கள். தேயிலைக்கு நடுவே அது போனதைப் பார்க்கப் காலையில் ஆள் எண்ணும் பெரட்டு முடிந்த பெண்கள் கொழுந்துக் கூடையோடு ரோட்டோரத்தில் நின்றார்கள்.

படகின் மூக்கிலிருந்து மாஸ்டின் உச்சிக்கு ஒரு கம்பி போகும். முன்பாய் அந்தக் கம்பியைச் சுற்றிச் சுருண்டு நிற்கும். கம்பியின் அடியில் ஒரு டிரம், அதில் கயிறு. கயிற்றை இழுத்தால் பாய் சுருள வேண்டும், விட்டால் விரிய வேண்டும். இந்தப் படகில் பாய் பாதி சுருண்டதும் நின்றுவிடும். ஆள் தொங்கினாலும் அசையாது.

மாத்தையா என்னைக் கரைக்குக் கூப்பிட்டார். எங்கள் பேச்செல்லாம் சிங்களத்தில்தான். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். அடுத்த சனிக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள். அதற்குள் நான் இதைச் சரிசெய்தால் விடுதியின் மெயின்டனன்ஸ் வேலை எனக்கு, நான் இருக்கும் குவார்ட்டஸ் வீடும் எனக்கு. முடியாவிட்டால் திருகோணமலையில் படகைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் பாஸை நிரந்தரமாகக் கூப்பிட வேண்டும். அவருக்குத் தங்க அந்த வீடு தேவைப்படும். "இந்த மாதிரி சாமான் தெரியும்தானே, பாஸ்?" என்று கேட்டார்; கைவேலைக்காரர் எல்லாருமே இங்கே பாஸ்தான். நான் டிரம்மைக் கையால் தட்டிப் பார்த்தேன். தட்டினால் என்ன தெரியும் என்று எனக்கே தெரியாது. "தெரியும் மாத்தையா" என்றேன்.

முன்பு ரோலர் ரூமில் என்னோடு இருந்த கணேசன் இப்போது அங்கே படகுக்காரன். மாத்தையா மேலே ஏறிப் போகும்வரை வாயைப் பொத்திக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "பிட்டர் அண்ணே, இதுல எது முன்பக்கம்னு மட்டும் மொதல்ல சொல்லிடுங்க, மத்ததெல்லாம் நாளைக்குப் பாப்போம்."

தண்ணீரில் விழுந்தவை

சுழலாத சாமானைத் திறந்து பார்ப்பது எங்கள் முறை. படகிலேயே உட்கார்ந்து டிரம்மைத் திறந்தேன். பெக்டரியில் பேரிங் கழன்றால் குண்டுகள் சிமெந்துத் தரையில் உருளும், விளக்குமாற்றால் கூட்டி எடுக்கலாம். இங்கே தரை இல்லை என்பது மூடி கழன்ற பிறகுதான் உறைத்தது. கறுப்புக் குண்டுகள் ஒன்றன் பின் ஒன்றாகப் படகின் விளிம்பைத் தாண்டி நீரில் விழுந்தன. விழுந்த பிறகு மிதந்தால் பிடிக்கலாம் என்று ஒரு நொடி நம்பினேன். பிளாஸ்டிக்தான், ஆனால் கனமான பிளாஸ்டிக். மிதக்கவில்லை.

கணேசன் சட்டையைக் கழற்றிவிட்டு முங்கினான். நாலைந்து குண்டும் ஒரு பழைய ஸ்பூனும் கிடைத்தன. மிச்சத்துக்காக பெல்மதுளைக்கு பஸ் ஏறினேன். ஹார்ட்வெயார் கடை முதலாளி எங்கள் ஆள்தான், அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து பெக்டரிக்குச் சாமான் கொடுத்தவர். நான் நீட்டிய குண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மாணிக்கக் கல் பார்த்துப் பழகிய ஊர், எதையும் அப்படித்தான் பார்ப்பார்கள். சைக்கிள் குண்டு இருக்கிறது, மோட்டர் குண்டு இருக்கிறது, இது இல்லை என்றார். எப்படித் தொலைந்தது என்று கேட்டார். சொன்னேன்.

கடையில் நின்ற நாலு பேருக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்: "நம்ம ஊர்ல கல்லு எடுக்கத்தான் தண்ணிக்குள்ள முங்குவானுக. பிளாஸ்டிக் எடுக்க ஆள முங்க விட்ட மொத ஆளு நீங்கதான்."

கை

இருந்த குண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கினேன். இடைவெளியை கிரீஸால் நிரப்பினேன். யோசித்துச் செய்ததல்ல. பெக்டரியில் ஒரு மெஷின் முரண்டு பிடித்தால் முதலில் கிரீஸ், பிறகுதான் யோசனை. மூடிய பெக்டரியின் கடைசி கிரீஸ் டின் என் வீட்டில்தான் இருந்தது. அன்று மத்தியானம் டிரம் ஒரு விரலால் தள்ளினாலே சுற்றியது. பாயைப் பிடித்துச் சுருட்டிக் காட்டினேன். மாத்தையா கை தட்டினார்.

காலையில் பனியில் எல்லாம் இறுகிப்போயிருந்தது. ராத்திரிக் காற்று கொண்டுவந்த மண்ணெல்லாம் கிரீஸில் ஒட்டி, டிரம் அம்மியில் அரைபடுகிற மிளகாய் மாதிரி கரகரத்தது. அதைவிடப் பெரிய விஷயம், பாயை விரித்தபோது தெரிந்தது. வெள்ளைப் பாயின் நடுவே, ஐந்து விரலும் விரிந்து, என் வலது கை. ரேகை எண்ணலாம் போல அவ்வளவு தெளிவு. பெக்டரியில் ஒரு சொட்டு கிரீஸ் தேயிலைத் தூளில் விழுந்தால் டீமேக்கர் அந்த பிட்டரோடு ஒரு வாரம் பேச மாட்டார். இங்கே எதிர்க்கரையில் குளிக்கிறவர்களுக்கே தெரிகிற மாதிரி கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சுடுதண்ணீரும் சவர்க்காரமுமாகக் குண்டுகளைக் கழுவினேன். அந்தச் சாமானுக்கு கிரீஸே ஆகாது, தண்ணீரே போதும் என்பது கழுவிய பிறகு அது சுற்றிய சுற்றில் புரிந்தது. பாயில் இருந்த கை மட்டும் போகவில்லை. தேய்க்கத் தேய்க்கச் சற்றுப் பெரிதானது. பின்னால் வந்து நின்ற மாத்தையா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "பரவாயில்லை பாஸ், உழைத்த கைதானே."

வலம்

எங்கள் பெக்டரியில் ஒரு பழக்கம். புது பெல்ட் மாட்டினால் சுவிட்சைப் போடுமுன் சக்கரத்தைக் கையால் மூன்று தரம் வலமாகச் சுற்றுவோம். கர்ப்பூரத் தட்டும் அப்படித்தான் மெஷினைச் சுற்றி வரும். இடமாக எதையும் தொடங்கியதில்லை. அதனால் டிரம்மில் கயிற்றைப் புதிதாகச் சுற்றும்போது, பாய் எந்தப் பக்கம் சுருள வேண்டும் என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. வலமாகத்தான். அதற்கேற்பக் கயிற்றைச் சுற்றி, கர்ப்பூரம் ஒன்றும் காட்டி, இழுத்தேன். முக்கால்வாசி சுருண்டது. மிச்சத்தைக் கையால் தள்ளிச் சுருட்டி, கட்டிவைத்தேன். வெள்ளை வெளேரென்று, வெளிப்பக்கம் என் கையோடு, பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

பாயின் ஓரத்தில் அகலமாக நீலத் துணி தைத்திருந்தார்கள். சேலைக்கு பார்டர் போல என்று எண்ணியிருந்தேன். பங்களாவில் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் காலையில் நடக்க வந்தவர், நின்று பார்த்துவிட்டு மாத்தையாவிடம் ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். மாத்தையாதான் எனக்கு விளக்கினார்: அது பார்டர் இல்லையாம். சுருட்டி வைத்த பாயை வெயில் தின்னாமல் காக்கிற துணியாம். வெளியே இருக்க வேண்டியது. நான் காவலுக்கு வந்ததை உள்ளே வைத்து, காக்க வேண்டியதை வெயிலில் நிறுத்தியிருக்கிறேன். மாத்தையாவின் காது சிவந்தது. முந்தின நாள் அவரும் 'ரொம்ப நன்றாக இருக்கிறது' என்று போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பியிருந்தார்.

கயிறு முழுவதையும் அவிழ்த்து இடமாகச் சுற்றினேன். மனசு கேட்கவில்லை, இருந்தும் சுற்றினேன். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கணேசன் சொன்னான்: "சட்டைய உள்பக்கம் வெளிய போட்டுக்கிட்டு கோயில வலம் வந்த மாதிரில்ல இருக்கு அண்ணே, சாமியும் பாத்துக்கிட்டுச் சும்மாதான இருந்துச்சு."

வீட்டில்

ஜெயராணிக்கு, என் மனைவிக்கு, நான் மாத்தையா சொன்னதில் பாதியைத்தான் சொல்லியிருந்தேன். அதாவது வேலை கிடைக்கும், வீடு இருக்கும் என்ற பாதியை. அவள் அடுத்த நாளே பின்பக்கம் கொத்தி போஞ்சி விதை போட்டாள். சமையலறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். தொழிலாளர் லயத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மலையிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர் எங்கள் வீட்டுக்கு ராப்பகலாக வரும். அவர்கள் குடத்தோடு பொதுப் பீலிக்கு நடக்கிறவர்கள். "ஒனக்கென்னடி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

திருகோணமலை பாஸைப் பற்றிக் கணேசன்தான் அவளிடம் உளறியிருக்க வேண்டும். சாப்பாடு போடும்போது கேட்டாள், சரியாகிவிடுமா என்று. சரியாகிவிடும், எனக்குத் தெரியும் என்றேன். அவள் சோற்றுக் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டாள். "தெரியும்னு நீங்க மெய்யா சொல்றப்ப கொரலு சாதாரணமாத்தான் இருக்கும். தெரியாதப்ப கொஞ்சம் தடிக்கும். இப்ப தடிக்குது."

எதிர்க்கரை

வியாழக்கிழமை வெள்ளோட்டம். மாத்தையா சுக்கான் பக்கம், கணேசன் நடுவில், நான் முன்னால் டிரம்முக்குப் பக்கத்தில். வெள்ளைக்கார அம்மாவும் அவர் கணவரும் தாங்களாகவே ஏறிக்கொண்டார்கள். போகும்போது ஒன்றும் இல்லை. பாய் விரிந்தது, கை தெரிந்தது, அந்தக் கணவர் அதைப் போட்டோ எடுத்தார்.

மூன்று மணிக்கு மேல் காற்று கணவாய் வழியாக இறங்கியதும் மாத்தையா பாயைச் சுருட்டச் சொன்னார். இழுத்தேன். பாதி வந்து நின்றது. கணேசனும் சேர்ந்து இழுத்தான். கம்பி முனகியது. பாதிப் பாய் காற்றைப் பிடித்துப் படகைத் தள்ள, நாங்கள் எதிர்க்கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். நான் குனிந்து டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தேன். குண்டு சரி. கயிறு சரி. அப்போது கணேசன், வழக்கமான கிண்டல் இல்லாமல், "அண்ணே, மேல பாருங்க" என்றான்.

பாயின் உச்சியை ஒரு வளையம் பிடித்திருக்கிறது. பாய் சுருளும்போது அந்த வளையத்தின் கீழ்ப்பாதி பாயோடு சுற்ற வேண்டும், மேல்பாதியும் அதைத் தூக்கிப் பிடிக்கிற ஏற்றுக்கயிறும் சும்மா நிற்க வேண்டும். அங்கே அந்தக் கயிறும் சேர்ந்து கம்பியைச் சுற்றிக் கொடியாகப் படர்ந்திருந்தது. அதுதான் பிடித்துக்கொண்டிருந்தது. முதல் நாளிலிருந்து அதுதான். இத்தனை நாளும் நான் காலடியில் இருந்ததைக் கழற்றிக் கழுவிச் சுற்றிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் பெல்ட்டும் ஷாஃப்டும் ஓடுகிற பெக்டரியில் வேலை பார்த்தவன், ஒரு தரம்கூட அண்ணாந்து பார்க்கவில்லை.

படகு கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பக்கத்தில் சேற்றில் ஏறி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு கிழவர் தலைச் சவர்க்காரத்தைத் துடைத்துவிட்டு, எங்கள் ஐந்து பேரையும் பாயில் இருந்த கையையும் பார்த்துவிட்டு, மாத்தையாவிடம் மரியாதையாகச் சொன்னார்: "மாத்தையா, மேலே ரோட்டுக்கு ஏறினால் பலாங்கொடை பஸ் இப்போது வரும், நாலு மணி பஸ் இதைவிட நம்பிக்கையானது."

போன்

கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. நாளை மறுநாள் சனிக்கிழமை.

படகின் உள்பெட்டி மூடியில் திருகோணமலை பாஸின் நம்பர் பெயின்ட்டால் எழுதியிருந்தது. அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்று சாயங்காலம் வீட்டுப் பின்பக்கம் நின்று அந்த நம்பருக்குப் பேசினேன். பங்களாவில் வேலை செய்கிறவன் என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. படகின் பெயரைச் சொன்னதும் பழைய மாணவனைப் பற்றி விசாரிக்கிற வாத்தியார் மாதிரி ஆகிவிட்டார்.

"பாய் கட்டைப் பாய் தம்பி, அது அந்தப் படகுக்குத் தைச்சதில்லை" என்றார். பாய் குட்டையானதால் வளையம் உச்சிக்குப் போகாமல் கீழேயே நிற்கிறது. அதனால் ஏற்றுக்கயிறு கம்பியை ஒட்டி ஓடுகிறது. ஒட்டி ஓடினால் சுற்றும். பாயின் உச்சிக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு துண்டு வயர் கயிறு போட்டு வளையத்தை மேலே ஏற்றிவிட்டால் கயிறு விலகி நிற்கும், சுற்றாது. எவ்வளவு நீளம், முனையை எப்படி மடித்து நெரிக்க வேண்டும், எல்லாம் சொன்னார். விளங்காத இடத்தைத் திரும்பச் சொன்னார். இவ்வளவு பொறுமையாக எனக்கு யாரும் வேலை சொல்லித்தந்ததில்லை.

பிறகு கேட்டார். "மாத்தையா அங்க வரச் சொல்லிக் கேட்டவர். வீடும் தாறன் எண்டவர். நானும் மனுசியும் மட்டும்தான், பெரிய வீடு தேவையில்லை. அந்த வீட்டில தண்ணி வசதி எப்பிடி தம்பி?"

எனக்கு நாலடி தள்ளிக் குழாயில் தண்ணீர் வாளியில் கொட்டிக்கொண்டிருந்தது. ஜெயராணி போஞ்சிக்கு ஊற்றப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

"தண்ணிதாங்க கொஞ்சம் கஷ்டம்" என்றேன். "குழாயி ஒழுங்கா வராது. தூக்கித்தான் ஆகணும்." என் குரல் எப்படி இருந்தது என்று அவளிடம் இன்றுவரை கேட்கவில்லை.

அந்தப் பக்கம் அவர் சிரித்தார், நல்ல மனிதர் சிரிக்கிற சிரிப்பு. "படகு விடத் தண்ணி இருக்கு, குடிக்க இல்லையோ? சரி தம்பி, வயர் முனையை வடிவா நெரிச்சு விடு, கையைக் கிழிச்சுப்போடும், கவனம்."

சனிக்கிழமை

மூடிய பெக்டரியின் ஸ்டோரில் வயர் கயிறு ஒரு சுருள் இருந்தது. அவர் சொன்ன அளவுக்கு வெட்டி, இரண்டு முனையையும் மடித்து நெரித்து, பாயை இறக்கி மாட்டி ஏற்றினேன். வளையம் உச்சிக்குப் போய் நின்றது. வெள்ளிக்கிழமை முழுதும் சுருட்டி விரித்து, விரித்துச் சுருட்டிப் பார்த்தோம். கணேசன் ஒற்றைக் கையால் இழுத்தான். நீலத் துணி வெளியே வந்தது, என் கை உள்ளே போனது.

சனிக்கிழமை விருந்தாளிகள் முன்னால் பாய் விரிந்தபோது அந்தக் கையைப் பார்த்து ஒருவர் அது என்ன என்று கேட்டார். இந்தப் பங்களாவின் அடையாளம் என்று மாத்தையா கூசாமல் சொன்னார். அவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் கரையில் கயிறு சுற்றுவதுபோல் குனிந்துகொண்டேன். எல்லாரும் போன பிறகு மாத்தையா வந்தார். வேலை எனக்குத்தான் என்றார். வீடும் எனக்குத்தான் என்றார். திருகோணமலை பாஸ் காலையில் பேசினாராம். யாரோ ஒரு நல்ல பையன் கிடைத்திருக்கிறான், வேலை சொன்னால் பிடித்துக்கொள்கிறான், அவனையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். தன்னால் வர முடியாது, மனைவியால் தண்ணீர் தூக்க முடியாது என்றும் சொன்னாராம்.

நான் என்ன முகத்தோடு நின்றேனோ, மாத்தையா அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டார். என் தோளைத் தட்டினார். "அந்த வீட்டுக்குத் தண்ணீர் வராது என்று நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லையே, பாஸ். திங்கட்கிழமை முதல் வேலையாக அந்தக் குழாயைச் சரிசெய்துவிடுங்கள். தெரியும்தானே?"

தெரியும் என்றேன். ஒழுங்காக ஓடுகிற குழாயை எப்படி ரிப்பேர் செய்வது என்று தெரிந்த சகோதரர்கள் யாராவது இருந்தால், இந்த முறை நான் முழுதாக உண்மையைச் சொல்லியே கேட்டுக்கொள்வேன்.